தோளுக்கு இதமான துப்பாக்கி

செமி-ஆட்டோத் துப்பாக்கியா கேட்டீங்க? உக்காருங்க தம்பி, உக்காருங்க. கடைக்காரரு கலெக்டர் ஆபீசுக்குப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு. ஆனா அவரைக் கேட்டீங்கன்னா எது விக்காமக் கெடக்குதோ அதைத்தான் நல்லதும்பாரு. நல்ல மனுசந்தான், ஏவாரின்னா அப்படித்தானே. என்னைக் கேளுங்க, நான் சொல்றேன். இந்த விசயத்துல நான் பட்ட பாட்டை இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவுல ஒருத்தனும் பட்டிருக்க மாட்டான்.

எதுக்குங்க உங்களுக்கு? க்ளே சுடறதுக்கா? கூடவே கொஞ்சம்... சரி சரி, புரியுது. வேட்டைங்கற வார்த்தைய மட்டும் வெளிய விட்டுறாதீங்க. தூக்கி உள்ள வச்சுருவான். பயிர்ப் பாதுகாப்புன்னு சொல்லுங்க. என்னோட லைசென்ஸ்லயும் அப்படித்தான் இருக்குது. நம்ம பேரு தெய்வசிகாமணிங்க. ஆனைமலைக்கு அக்கட்ட, மலையடிவாரத்துல தென்னந்தோப்பு. காட்டுப்பன்னி குடும்பத்தோட வந்து தென்னம்புள்ளையத் தோண்டித் தின்னுட்டுப் போகும். அதைச் சுடக்கூடாதாம். வானத்தைப் பாத்து ஒண்ணு போட்டு வெரட்டிக்கலாமாம். வானத்தைச் சுடறதுக்குக் குறி எதுக்குய்யான்னு கேப்பீங்க. அந்த ஆசைக்குத்தான் துப்பாக்கி சுடற கிளப்பு.

க்ளே சுட்டிருக்கீங்களா? பாத்ததோட சரியா? ஆரஞ்சுக் கலர்ல சாஸராட்டத் தட்டு. குழிக்குள்ள ஒரு மெஷின் இருக்கும், நாம குரல் குடுத்தா அது வீசும். எந்தப் பக்கம் போகும்னு தெரியாது. பறக்கறப்பவே அடிச்சு ஒடைக்கணும். பாக்கறதுக்குப் புள்ளைக வெளையாட்டாட்டத் தெரியும். நின்னு பாருங்க, அப்பத் தெரியும்.

என்கிட்ட எங்க அப்பாரு காலத்து ரெட்டைக்குழல் ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு குழலும் பக்கத்துல பக்கத்துல படுத்திருக்குமே, அது. நடுவுல மடக்கினா காலித் தோட்டா நம்ம கைல வந்து விழும். அதை எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கெழமையானா கிளப்புக்குப் போவேன். நான் அப்படியொண்ணும் பெரிய சூரன் இல்ல. பத்து வீசினா நாலு ஒடைப்பேன், அஞ்சு ஒடைச்சா அன்னிக்கு எல்லாத்துக்கும் டீ வாங்கிக் குடுப்பேன். சந்தோசமாத்தான் இருந்தேன். பையன் வெளியூர்ல இருக்கறான், ஊட்டுல நானும் சம்சாரமுந்தான். அவளைத் தனியா விட்டுட்டு வர வேண்டாம்னு நாந்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். அதை மறந்துறாதீங்க. நாந்தான் கூட்டிக்கிட்டுப் போனேன்.

சாந்தாமணின்னு பேரு. மத்த பொம்பளைங்க எல்லாம் வேப்பமரத்தடியில முறுக்குத் தின்னுட்டு ஊர்க்கதை பேசிக்கிட்டு இருப்பாங்க. இவ மட்டும் தட்டு போற எடத்தையே பாத்துக்கிட்டு இருப்பா. ஆடி மாசத்துல ஒரு நாள் எந்திரிச்சு வந்து, “ஏனுங்க, நானும் ஒண்ணு சுடட்டுங்களா?”ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சரி, ஆசைப்படறாளேன்னு குடுத்தேன். வாங்கினவ நேரா எடது தோள்ல வச்சா பாருங்க.

எடது தோள்ல! பீச்சாங்கைப் பக்கம்!

இதை உங்களுக்கு வெளக்கமாச் சொல்லோணும். அவ பொறப்புலயே பீச்சாங்கைக்காரி. கல்யாணத்துக்கு முன்னால எங்க ஊட்டுல யாருக்கும் தெரியாது, தெரியறாப்பல அவங்க வச்சுக்கவும் இல்ல. எங்க மாமனாரு கண்டிப்பான மனுசன், சின்னதுலயே திருத்திட்டாரு. எடது மணிக்கட்டுல கரண்டியக் காய வச்சு இழுத்த தழும்பு இன்னமும் இருக்குது. இப்பச் சொன்னாக் கொடுமைம்பீங்க. ஆனா ஒண்ணு, கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து கோலம் போடறது, சோறு போடறது, காசு குடுக்கறது வாங்கறது எல்லாம் சோத்தாங்கைதான். ஒரு பொழுது தப்பினதில்ல. அவ்வளவு சுத்தமாத் திருத்தின கை, துப்பாக்கியத் தொட்டதும் பழையபடி ஆயிருச்சு. எனக்குக் கூச்சமாப் போச்சு. “கை மாத்து அம்மணி, பாக்கறாங்க”ன்னு காதோரமாச் சொன்னேன். அதுக்குள்ள அவ குரல் குடுத்துட்டா.

தட்டு பறந்துச்சு, ஒடைஞ்சுச்சு. சரி, ஏதோ பட்டுருச்சுன்னு விட்டோம். அடுத்ததும் ஒடைஞ்சுச்சு. காத்து இல்லாததுனாலன்னு நான் சொன்னேன். மூணாவதும் தூளாப் போனப்பத்தான் மரத்தடியில எல்லாரும் முறுக்கைக் கீழ வச்சாங்க. கிளப்புக் கோச்சு பொன்னப்பான்னு ஒரு குடகுக்காரன். அவன் ஓடி வந்து, “மேடம், இதுக்கு முன்னாடி எங்க சுட்டீங்க?”ன்னு கேக்கறான். இவ, “கொசுவைக்கூட அடிச்சதில்லீங்க”ங்கறா.

ஊட்டுக்கு வர்றப்ப கார்ல ஒரு வார்த்தை சொன்னா. “இத்தனை வருசமாச் சமைக்கறேன், கூட்டறேன், எல்லாம் யாரோ சொல்லிக்குடுத்த கையில செய்யறாப்பலயே இருக்கும். இன்னிக்குத்தானுங்க என்னோட கையில நானே ஒரு வேலை செஞ்சேன்”னா. எனக்கு அது என்ன பேச்சுன்னே புரியல. தோள் வலிக்கும், போனதும் தைலம் தேய்ச்சுக்கன்னு சொன்னேன். அக்கறையாத்தானே சொன்னேன்?

அதுக்கப்புறம் வாராவாரம் வந்தா. எனக்குப் பெருமைதானுங்க. எவனுக்கு அப்படிப் பொண்டாட்டி வாய்ச்சிருக்கு? ஆவணி பொறக்கறதுக்குள்ள நான் நாலு ஒடைச்சா அவ எட்டு ஒடைக்கறா. கிளப்புல கேலி பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. “என்ன தெய்வசிகாமணி, இனிமே பன்னி வந்தா யாரை எழுப்புவீங்க?”ன்னு ஒருத்தன். “நீங்க முறுக்குப் பக்கம் போயிருங்க”ன்னு இன்னொருத்தன். நானும் சேந்து சிரிச்சுக்குவேன். பெருமைதானுங்க, வேற என்ன.

ஆனா பாக்கற கண்ணு சும்மா இருக்குமா? ஒரு குடும்பத்துப் பொம்பள அத்தனை ஆம்பளைங்க நடுவுல பீச்சாங்கையில நின்னு சுட்டா, பின்னால என்ன பேசுவாங்க? அதையும் நாந்தானே யோசிக்கோணும். அதுவுமில்லாம தை மாசம் கிளப்புல ஜோடிப் போட்டின்னு ஒண்ணு உண்டு, புருசன் பொண்டாட்டி சேந்து சுடறது. எங்க பேரைக் குடுத்துட்டேன். குடுத்தாச்சுன்னா நல்லபடியாச் செய்யோணுமில்ல? அப்பத்தான் யோசனை வந்துச்சு. ரெண்டு பேருக்கும் ஒத்து வர்றாப்பல, கிளப்புக்கும் ஆச்சு தோப்புக்கும் ஆச்சுன்னு ஒரே துப்பாக்கி எடுத்துறலாம், செமி-ஆட்டோ. நீங்க இப்ப வந்து கேட்டீங்களே, அதே கேள்விதான்.

இதைக் கேட்டுக்குங்க தம்பி, உங்களுக்கு ஆகும். இதுல ரெண்டு ஜாதி இருக்குது. ஒண்ணு, தோட்டா வெடிக்கற உதையிலயே அடுத்த தோட்டாவை ஏத்திக்கறது. அழுக்குப் படியாது, ஆனா தோள்ல இடிக்கும். இன்னொண்ணு, வெடிச்ச புகையில கொஞ்சத்தைத் திருப்பி விட்டு அந்த வேகத்துல ஏத்திக்கறது. தொடைச்சுத் தொடைச்சு வைக்கோணும், ஆனா தோளுக்கு அவ்வளவு இதம், குழந்தை சாஞ்சாப்பல இருக்கும். பொம்பள சுடறதுக்கு எது எடுப்பீங்க? புகையில ஓடறதுதானே? குழல் இருவத்தெட்டு இஞ்சு இருக்கோணும். ரொம்ப இலேசா இருந்தா க்ளேக்கு ஆகாது, கனமா இருந்தா தோப்புல தூக்கிக்கிட்டு நடக்க முடியாது. குண்டு சிதறறதை அடக்கக் குழல் வாயில மாட்டற சோக்கு, தோள்ல வைக்கற கட்டையோட நீளம், எல்லாத்தையும் கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாத்தேன். ரெண்டு மாசம் வீடியோ பாத்தேன். எவன் பொண்டாட்டிக்காக இவ்வளவு மெனக்கெடுவான் சொல்லுங்க.

கடைசியா இவர்தான், இந்தக் கடைக்காரர்தான், குன்னூர்ல ஒரு எஸ்டேட்காரர்கிட்ட இருந்து கைமாறி வந்ததுன்னு ஒண்ணை எடுத்துக் காட்டினாரு. வெளிநாட்டுது, கண்ணாடியாட்டம் இருந்துச்சு. அப்ப பொன்னப்பாவும் கூட வந்திருந்தான். அவன் கையில வாங்கிப் பாத்துட்டு, “சார், இது வலது பக்கமாக் காலித் தோட்டாவைத் துப்பும். மேடம் இடது தோள். சூடான தோட்டா, புகை, மருந்துத் தூள் எல்லாம் அவங்க முகத்துக்கு முன்னாடி போகும். இடதுகைக்காரங்களுக்குன்னே தனியா வருது, தேடிப் புடிக்கலாம், ஆறு மாசம் பொறுங்க”ன்னான்.

நான் சொன்னேன், “அவ சோத்தாங்கையில புடிச்சாப் போச்சு. துப்பாக்கிய எதுக்கு மாத்தோணும்?”

அவன் விடல. ஊட்டுக்கே வந்து அவளை எதிர்ல நிக்க வச்சு, “ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சு என் மூக்கை விரலால காட்டுங்க”ன்னான். காட்டினா. “பாருங்க சார், விரல் இடது கண்ணுக்கு நேரா நிக்குது. அவங்களுக்குக் குறி பாக்கற எசமான் கண்ணு இடதுதான். கையைத் திருத்தலாம், கண்ணைத் திருத்த முடியாது”ன்னான். கண்ணுல என்னப்பா எசமான், பண்ணையாள்? ரெண்டும் அவ கண்ணுதானேன்னு கேட்டேன்.

சாந்தாமணியும் ஒரு தரம் சொன்னா, இல்லைங்கல. “எனக்கு அந்தப் பழைய ரெட்டைக்குழலே போதுங்க. அது எந்தப் பக்கமும் துப்பறதில்ல”ன்னா. பொம்பளைங்க அப்படித்தான், புதுசு வாங்கித் தர்றேன்னா வேண்டாம்பாங்க, வாங்கிக் குடுத்தாச் சந்தோசப்படுவாங்க. அதுவுமில்லாம லைசென்ஸ்ல எடம் வேணுமில்ல? பழசைப் பங்காளி ஒருத்தன் பேருக்கு மாத்திக் குடுத்துட்டுத்தான் இதை எடுத்தேன். அவன் வந்து உறையில போட்டு எடுத்துக்கிட்டுப் போறப்ப இவ வாசல் வரைக்கும் வந்தா. மாட்டை வித்துட்டுப் பாத்துக்கிட்டு நிப்பாங்கல்ல, அப்படி நின்னா. எனக்குச் சிரிப்பா இருந்துச்சு.

ஆயுத பூசை அன்னிக்குப் புதுசை வச்சுக் கும்பிட்டோம். எங்க ஊட்டுல மம்புட்டி, கடப்பாரை, மோட்டார், துப்பாக்கி எல்லாத்துக்கும் பொட்டு வச்சுத்தான் எடுப்போம். கற்பூரம் காட்டிட்டு, “இந்தா அம்மணி, உன்னோட கையால மொதல்ல வாங்கு”ன்னு நீட்டினேன். பெரிய மனசோடதான் நீட்டினேன், மொத உரிமை அவளுக்குன்னு. அவ பழக்கதோசத்துல எடது கையை நீட்டுனா. சாமி முன்னால! நான் பின்னால இழுத்துக்கிட்டேன். ஒண்ணும் திட்டல. “சோத்தாங்கையில வாங்கு”ன்னு மட்டும் சொன்னேன். என்னையவே பாத்துக்கிட்டு நின்னா. பொறவு வலது கையில வாங்கினா. சாமி சாட்சியா எந்தக் கையில வாங்கினயோ அந்தக் கைதான் இனிமேன்னு சொல்லிட்டேன். அவளும் சரின்னுட்டா. அவ சரின்னு சொன்னதை நீங்க குறிச்சுக்கோணும். நான் அடிச்சா மாத்தினேன்?

அதுல இருந்து வலது தோள். ஒரு தட்டு ஒடையல தம்பி. ஒண்ணு, ஒண்ணே ஒண்ணுகூட. எடது கண்ணு குறுக்க வந்து கெடுக்குதுன்னு அவளே சொன்னா. அதுக்கும் வழி கண்டுபுடிச்சேன். சுடறப்ப போடற கண்ணாடியில எடது பக்கத்தை மட்டும் மருந்துக்கடை டேப்பை ஒட்டி மறைச்சுட்டேன். வெள்ளைக்காரனே அப்படிச் செய்யறான், வீடியோவுல வருது. அப்பவும் ஒடையல. தட்டு ஒரு பக்கம் போகும், இவ ஒரு பக்கம் சுடுவா. தோள்ல மட்டும் வலி இல்ல, அது வரைக்கும் என்னோட கணக்கு சரிதான்.

பொன்னப்பா ஒரு நாள் எல்லாரும் இருக்கறப்பவே கேட்டான், “சார், உங்களுக்கு அவங்க ஒடைக்கணுமா, ஒடைக்கக் கூடாதா?” அதோட விட்டானா? “இது பொறாமை சார்”னான். பொறாமையா? எனக்கா? என் பொண்டாட்டி மேல எனக்கே பொறாமையா? கை ஓங்கிட்டேன். நாலு பேரு புடிச்சுக்கிட்டாங்க. அன்னியோட அவன் பாடம் வேண்டாம்னு சொல்லிட்டு, தோப்புலயே நானே பழக்கிக் குடுத்தேன். தட்டைக் கையால வீசறதுக்கு ஒரு கைப்பிடி கெடைக்குது, அதை வச்சு நான் வீசுவேன், அவ சுடுவா. தோப்புல அப்படிச் சுடக்கூடாது, தெரியும். பன்னி வெரட்டறோம்னு சொல்லிக்கலாம்.

அவகிட்ட முன்ன மாதிரி பேச்சு இல்ல. கூப்பிட்டா வருவா, நில்லுன்னா நிப்பா, சுடுன்னா சுடுவா. முடிஞ்சதும் துப்பாக்கியத் தொடைச்சு வச்சுட்டு அடுப்புக்குப் போயிருவா. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாலாவது சமாதானம் பண்ணலாம். அதுவுமில்ல.

போட்டிக்கு முந்தின வியாழக்கெழமை. நான் தேங்காய் விசயமாப் பொள்ளாச்சி போயிட்டேன். இதை எனக்குப் பொறவு சொன்னது தோப்புக் காவல்காரன் பொண்டாட்டி, மாராத்தா. நான் போனதும் இவ துப்பாக்கிய எடுத்துக்கிட்டுத் தோப்புக்கு வந்திருக்கறா. “மாராத்தா, இதை ஒண்ணொண்ணா வீசு”ன்னு கைப்பிடியக் குடுத்திருக்கறா. டேப்பு ஒட்டின கண்ணாடியக் கழட்டி மரத்தடியில வச்சுட்டு, எடது தோள்ல வச்சிருக்கறா.

மாராத்தா சொல்றா, வீசினது அத்தனையும் ஒடைஞ்சுச்சாம். அவ அங்கிட்டு வீசி இங்கிட்டு வீசி ஏமாத்திப் பாத்தாளாம், அப்பவும் ஒடைஞ்சுச்சாம். ரெண்டு பொம்பளைகளும் சிரிச்சாங்களாம். சாந்தாமணி சிரிச்சு சிரிச்சு மூச்சு வாங்கி, மரத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னாளாம். தம்பி, நான் அவளோட குடித்தனம் பண்ணி இத்தனை வருசத்துல, அவ மரத்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சு நான் பாத்ததில்லீங்க. மாராத்தா பாத்திருக்கறா.

அப்புறம் ஒண்ணைச் சுட்டதும் கண்ணைப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டாளாம். நான் வர்றப்ப எடது கண்ணு செவந்து தண்ணியா ஊத்திக்கிட்டு இருந்துச்சு. என்னன்னு கேட்டேன். “தூசிங்க”ன்னா. எடது தோள்ல வச்சுச் சுட்டேன்னு என்கிட்டச் சொல்லுவாளா? மருந்துத் தூள் அடிச்சிருக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தூசின்னதும் நந்தியாவட்டைப் பூவைப் பறிச்சுக் கசக்கி நானே சாறு ஊத்தினேன், எங்க ஊட்டுல எப்பவும் அதுதான் ஊத்துவோம். வெள்ளி, சனி ரெண்டு நாளும் பாத்துப் பாத்து ஊத்தினேன். வலி இருக்குதான்னா, தலைய மட்டும் ஆட்டுவா. திங்கக்கெழமை ஆசுபத்திரி போயிக்கலாம், ஞாயித்துக்கெழமை போட்டிய முடிச்சுரலாம்னு சொன்னேன். பேரைக் குடுத்துட்டு வராமப் போனா, தெய்வசிகாமணி பொண்டாட்டிக்குப் பயந்து ஓடிட்டான்னு பேச மாட்டானுகளா? அவளும் வேண்டாம்னு சொல்லல.

போட்டியில வலது தோள்ல வச்சுத்தான் நின்னா. எடது கண்ணு வீங்கித் தன்னால மூடிக்கிச்சு, டேப்பே தேவைப்படல. அன்னிக்குப் பாருங்க, ஏழெட்டுத் தட்டு ஒடைச்சா! கடைசிக்கு முந்தின எடம் வந்தோம். நான் எல்லாத்துக்கும் டீ வாங்கிக் குடுத்தேன். பாத்தயா, சொன்னாப்பல ஒரு கண்ணை மூடினதும் எப்படி விழுதுன்னு அவகிட்டச் சொன்னேன். பொன்னப்பா தூரத்துல நின்னு பாத்தவன் பக்கத்துல வந்து அவ கண்ணைப் பாத்தான். பாத்துட்டு என்னைக் கெட்ட வார்த்தையில திட்டினான். குடகுப் பாசைன்னாலும் திட்டுன்னு தெரியாதா?

ஆசுபத்திரியில கருவிழியில புண்ணுன்னுட்டாங்க. சீழ் வச்சிருச்சாம். டாக்டரம்மா சின்னப் பொண்ணு, “அன்னிக்கே ஏம்மா வரல? பூச்சாறெல்லாம் யாரு ஊத்தினது?”ன்னு கேட்டா. நான் பக்கத்துலதான் நிக்கறேன். சாந்தாமணி, “வேலை இருந்துச்சுங்க. நாந்தான் ஊத்திக்கிட்டேன்”னா. என்னைக் காட்டிக் குடுக்கல பாருங்க. அவ்வளவு நல்லவ. ஊட்டுக்கு வந்தும் ஒரு வார்த்தை கேக்கல. நீதான்யா பண்ணுனன்னு கத்தியிருந்தா, சட்டியத் தூக்கி அடிச்சிருந்தா, நானும் கத்திட்டு அழுதுட்டு விட்டிருப்பேன். அதைச் செய்ய மாட்டேங்கறா தம்பி. அதுதான் எனக்குத் தாங்கல.

புண்ணு ஆறிருச்சு. தழும்பு நின்னுருச்சு. கருவிழி மேல ஆடை படிஞ்சாப்பல வெள்ளையா இருக்குது. வெளிச்சம் தெரியும், ஆளு தெரியாதுன்னாங்க. வேற கண்ணு வச்சுப் பாக்கலாம், பேரு குடுத்துட்டுப் போங்கன்னாங்க. இவ வேண்டாம்னுட்டா. “செத்தவங்க கண்ணைக் கேட்டு வாங்கி என்னத்தப் பாக்கப் போறேன்”னா. நான் கெஞ்சினேன். பையன் போன்ல கெஞ்சினான். வேண்டாம்னா வேண்டாம்.

இப்ப ஊட்டுல சத்தமே இல்லீங்க. சோறு போடறா, துணி மடிக்கறா, கேட்டதுக்குப் பதில் சொல்றா. எல்லாம் சோத்தாங்கையில, அத்தனை சுத்தமா. எடது கை மடியில சும்மாக் கெடக்குது. நான் எதிர்ல உக்காந்து பேசிப் பேசிப் பாத்துட்டு வெளிய வந்து நின்னுக்குவேன். அழுகையா வருது. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நெசமாவே வருது.

அப்படி நிக்கறப்பத்தான் ஒரு நாள் மூளைக்கு எட்டுச்சு. பொன்னப்பா என்ன சொன்னான்? எடது கண்ணு குறுக்க வருது, அதனாலதான் வலது தோள்ல முடியாதுன்னான். இப்ப அந்தக் கண்ணுதான் இல்லையே! இருக்கறது வலது கண்ணு ஒண்ணுதானே! இனி அவளுக்கு எல்லாம் ஒரே பக்கம். போட்டியன்னிக்கே பாத்தமே, ஏழெட்டு ஒடைச்சாளே. பழக்கினா இன்னும் ஒடைப்பா. அந்தக் குன்னூர்த் துப்பாக்கி எங்களுக்கு ராசியில்ல, அதை மொதல்ல தலை முழுகிட்டு, இதமா, இலேசா, அவ கைக்கு அடக்கமா வேற ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டா, திரும்பவும் அந்தச் சிரிப்பு வந்துரும். எனக்கு வேற எதுவும் வேண்டாம் தம்பி. மாராத்தா பாத்த சிரிப்பை நான் ஒரு தரம் பாத்துட்டாப் போதும்.

அதுக்குத்தான் வந்திருக்கறேன். அவளும் வந்திருக்கறா, வெளிய கார்ல உக்காந்திருக்கறா. எறங்க மாட்டேன்னு சொல்லல, நாந்தான் கடைக்காரர் வந்ததும் கூப்பிடறேன்னேன். இதா, வந்துட்டாரு. வாங்கண்ணா, வாங்க. இந்தத் தம்பிக்கும் செமி-ஆட்டோதான் வேணுமாம், எல்லாம் நான் சொல்லிட்டேன். அன்னிக்குப் போன்ல சொன்னீங்களே, அந்தச் சின்னது, அதை எடுங்க. புகையில ஓடறதுதானே? நல்லது. நான் போயி அவளைக் கூட்டிக்கிட்டு வர்றேன்.

வா அம்மணி, படி இருக்குது, பாத்து. இவரு நம்மளாட்டம் துப்பாக்கி பாக்க வந்தவரு. தம்பி, கொஞ்சம் நகந்துக்குங்க, அவளுக்கு அந்தப் பக்கம் ஆளு நின்னாத் தெரியாது. அண்ணா, காலியாத்தானே இருக்குது? குடுங்க. இந்தா சாந்தா. பாத்தீங்களா, சொல்லாமயே சோத்தாங்கையில வாங்கிட்டா! வலது தோள்லயே வைக்கறா! நான் ஒண்ணும் சொல்லல, நீங்களே பாத்தீங்க. எப்படி நிக்குது பாருங்க, அளவெடுத்துத் தச்சாப்பல.

அந்தச் செவுத்துக் காலண்டரைப் பாத்துக் குறி வையி. ம். அந்தக் கண்ணை எதுக்கு மூடற? அது இல்ல அம்மணி, வலது கண்ணைத் தொறந்து வையி. அதுலதானே உனக்குத் தெரியும்? தொறக்கச் சொன்னா இன்னும் இறுக்கி மூடறா பாருங்க. சாந்தா, ரெண்டையும் மூடினாப்பலதானே இது? காலண்டர் தெரியுதா?

“தெரியலீங்க.”

அப்புறம் தொறயேன்.

“இந்தக் கண்ணு ஊட்டு வேலைக்குங்க. இதை நான் இதுக்குத் தர மாட்டேன்.”

தர மாட்டாளாம். கேட்டீங்களா தம்பி? ஊட்டு வேலைன்னா அவளுக்கு அவ்வளவு கவனம். சரி சரி, எறக்கு. கட்டை நீளம் அம்மணி, வேற ஒண்ணுமில்ல. அண்ணா, பின்னால கட்டையில ஒரு இஞ்சு குறைச்சுக் குடுத்தீங்கன்னா அவளுக்குச் சரியாயிரும். நாங்க இதையே எடுத்துக்கறோம்.